சின்ன ர போட்ட சுரா

போஸ்டரில் ‘ராட்சச சுரா’ என்று சின்ன ர போட்டு எழுதிக் கொடுத்தது நான்தான். அச்சுக்காரர் மேல் யாரும் பாய வேண்டாம். திருத்தணியில் ஒரு தமிழ் வாத்தியார் கறுப்பு பெயின்டும் பிரஷ்ஷுமாகக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு சுவர் பூராவும் சின்ன ரவைப் பெரிய றவாக மாற்றிக்கொண்டே போனாராம். ஊர்ப் பேருக்கு ஏற்ற வேலை, திருத்திவிட்டுப் போகட்டும். சென்னை விநியோகஸ்தர் ஒருவர், “சுரான்னா கள்ளும்மா. ராட்சசக் கள்ளுன்னா படம் எடுத்திருக்கீங்க?” என்று போனில் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் நகரிக்காரி. பேர் யமுனா. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ர. தமிழ் எழுத்தை நானாகக் கற்றுக்கொண்டது சினிமா போஸ்டரிலும் மளிகைப் பொட்டலத்திலும்தான். தெலுங்கில் ‘சொர’ என்றால் சுரைக்காயும் அதுதான், சுறாவும் அதுதான். காயா மீனா என்று பின்னால் ஒட்டிச் சொன்னால்தான் குழம்பில் போடுவதா, பார்த்து ஓடுவதா என்று தெரியும். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவளிடம் வந்து வல்லினமா இடையினமா என்று கேட்டால் நான் என்ன செய்வேன்?

கதையை எழுதியபோது தெரியாமல் எழுதினேன். போஸ்டருக்குத் தெரிந்தேதான் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். சொல்கிறேன்.

அப்போது நான் திருப்பதியில் ஹரிபாபு என்பவரின் கேபிள் டிவி ஆபீசில் வேலை பார்த்தேன். வீட்டு வாசலெல்லாம் கறுப்பு ஒயர் தொங்க ஆரம்பித்திருந்த காலம். தினமும் நகரியிலிருந்து புத்தூர் வழியாக பஸ்ஸில் போய்வருவேன். நகைக்கடை விளம்பரங்களைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதுவது என் வேலை. மீதி நேரத்தில், ஹரிபாபு மலிவாக வாங்கிவரும் வெளிநாட்டுப் பட கேசட்டுகளைப் போட்டுப் பார்த்து, பகலில் எதை ஓடவிடலாம் என்று சொல்ல வேண்டும். அவருக்குப் பெரிய மிருகம் எதுவானாலும் பிடிக்கும், அதிலும் சுறா என்றால் உயிர். கோடி வருஷத்துக்கு முன்னால் அழிந்துபோனதாக நினைத்த ராட்சச சுறா, கடலின் அடியில் எங்கேயோ ஒளிந்திருந்து மேலே வருமே, அந்த மாதிரிப் படங்கள் அவர் அலமாரியில் ஒரு வரிசை இருந்தன.

எல்லாவற்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு பெண் தனியாக நீந்தப் போவாள். பேர்கூடச் சொல்லமாட்டார்கள். சுறா அவளைத் தின்னும். அதற்கப்புறம்தான் ஆண்களுக்குக் கதை ஆரம்பிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படங்கள் எந்தப் புத்தகங்களிலிருந்து வந்தனவோ அவற்றையும் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து, டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் படித்தேன். அதில் ஒரு வேடிக்கை. புத்தகத்தில் செத்தவன் படத்தில் பிழைத்துக்கொள்கிறான். புத்தகத்தில் பிழைத்தவனைப் படத்தில் தூக்கிச் சுறாவுக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆக, கதையில் சாவு என்பது கடைசித் தீர்ப்பு இல்லை, மேல்முறையீடு உண்டு என்று புரிந்தது. ஆனால் தனியாக நீந்தப்போன அந்தப் பெண்ணுக்கு மட்டும் புத்தகத்திலும் சரி, படத்திலும் சரி, மேல்முறையீடு இல்லை.

சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். ஆத்திரம் மட்டும் காரணமில்லை, என் அக்கா மல்லிகாவும் காரணம்.

நூல் விலை ஏறி எங்கள் தெருவில் பவர்லூம்கள் வாரத்தில் பாதி நாள் நின்றுகிடந்தபோது, மல்லிகா ஒரு ஏஜெண்டைப் பிடித்து வீட்டுவேலைக்குக் குவைத்துக்குப் போனாள். அதே தெருவிலிருந்து சிலர் பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போனார்கள், சிலர் சென்னைக்குப் போனார்கள். இவளுக்கு எப்போதும் எல்லோரையும்விட ஒரு எட்டு தூரம் போக வேண்டும். ரேணிகுண்டாவில் பம்பாய் ரயில் ஏற்றிவிட்டபோது, ஜன்னல் வழியாக என் தலையில் குட்டி, “ஊட்டைப் பாத்துக்கோடி” என்றாள். ஆரம்பத்தில் தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு போன் செய்வாள். வேறு வீட்டுக்கு மாறப்போகிறேன் என்று ஒருநாள் சொன்னாள். அதற்கப்புறம் போன் இல்லை. ஏஜெண்டும் கடையைக் காலிசெய்துவிட்டான். ஒரு வருஷம் ஓடிவிட்டது.

எங்கள் பேச்சில் ஒரு தொல்லை உண்டு. ‘போயிட்டா’ என்றால் ஊருக்குப் போனதும் அதுதான், செத்துப்போனதும் அதுதான். தெலுங்கிலும் அப்படியே, ‘போயிந்தி’. மல்லிகா எங்கே என்று கேட்டவர்களிடம் முதலில் ‘குவைத்துக்குப் போயிட்டா’ என்றோம். சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு ‘போயிட்டா’ என்று மட்டும் சொன்னோம். நடுவில் குவைத் கழன்று விழுந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. வேதாச்சலம் மாமா கவனித்தார்.

மாமா அம்மாவின் அண்ணன். நைனா இறந்த பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் சொல்லித்தான் நடக்கும். அவரைப் பற்றிப் பிறகு.

நான் எழுதிய கதை இது. மழையில்லாத நகரியில் தண்ணீருக்காகப் போர்வெல் போடுகிறார்கள். தோண்டத் தோண்டப் புழுதிதான். பிடிவாதமாக இன்னும் ஆழம் போகிறார்கள். பாறையின் கீழே, மனுஷ வாடையே படாத ஆதிகாலக் கடல் ஒன்று இருக்கிறது. அதில் இருக்கிறது அந்த சுரா. போர்வெல் வழியாகக் கடல் பீய்ச்சிக்கொண்டு எழும்பி, பூமியைப் பிளந்து, சுரா பழவேற்காட்டு ஏரி வரைக்கும் போய்விடுகிறது. பவர்லூம் ஓட்டும் கௌரி என்ற பெண்ணை விழுங்கிவிடுகிறது. விழுங்கத்தான் விழுங்கும், மெல்லாது. அத்தனை பெரிய வாய்க்கு அவள் ஒரு பொரி. கௌரியின் இடுப்பில் தறி நாடா இருக்கிறது, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை, இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு வைத்தது. அதை வைத்து உள்ளேயிருந்து வயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறாள்.

மாத நாவல் போடும் சென்னைக்காரர், “நகரியில ஏதும்மா கடல்?” என்று கேட்டார். “தண்ணியே வராத ஊருல தண்ணி வந்தா, கூட எது வேணா வரும் சார்” என்றேன். என்னுடைய சின்ன ரவையெல்லாம் பெரிய றவாக்கி அச்சடித்தார். பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கியது. விற்றுப்போயிற்று.

ஹரிபாபுவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒரு மத்தியானம் கரண்டு போய் ஆபீசே வேர்த்துக்கொண்டு கிடந்தபோது அவருக்குத் தெலுங்கில் கதையைச் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “இதி மன சினிமா, நம்ம சினிமா யமுனா! நாமளே எடுக்கலாம்!” என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“கௌரி சாகக் கூடாது சார்.”

“வெங்கன்னா மேல ஒட்டு” என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுச் சத்தியம் செய்தார்.

படம் தெலுங்கில் எடுத்தார்கள். ரப்பரும் ஃபைபரும் வைத்து சுராவுக்குத் தலை மட்டும் செய்து, லாரியில் பழவேற்காட்டுக்கு அனுப்பினார்கள். காளஹஸ்தியில் டீ குடிக்க லாரியை நிறுத்தியபோது, கோயிலுக்குப் புது வாகனம் வந்திருக்கிறதென்று இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் எனக்கு மற்றவர்கள்தான் சொன்னார்கள். என்னை ஷூட்டிங்குக்குக் கூப்பிடவில்லை. ஏன் என்று படம் வந்த பிறகுதான் தெரிந்தது.

இடைவேளைக்கு முன்னால் கௌரியைக் கொன்றுவிட்டார்கள். சுரா விழுங்குகிறது, தண்ணீர் சிவக்கிறது. ஹீரோ கரையில் மண்டியிட்டு, “போயிந்தி! கௌரி போயிந்தி!” என்று மார்பில் அடித்துக்கொள்கிறான். அப்புறம் அவளுடைய படத்துக்குப் போட்ட மாலையைப் பிய்த்து எறிந்து, சுராவைக் கொல்லும்வரை உனக்கு மாலை கிடையாது என்று சபதம் செய்கிறான். கடைசியில் கல் குவாரி வெடியை வைத்து சுராவைச் சிதறடிக்கிறான். என் கௌரி ஒரு ஃபோட்டோ, அவ்வளவுதான்.

“என்ன சார் இது?” என்று கேட்டேன்.

“ஹீரோக்கு பக வேணும்மா. பழி இல்லாம செகண்ட் ஆஃப் எப்படி ஓடும்?”

“சத்தியம் பண்ணீங்களே?”

“வெங்கன்னாக்கு சினிமா கஷ்டம் தெரியும்” என்றார்.

படம் படுத்துவிட்டது. கௌரி செத்ததும் பெண்கள் எழுந்து போய்விடுவதாகத் தியேட்டர்காரர்கள் சொன்னார்கள். ஹரிபாபு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள், தமிழில் டப்பிங் செய்து நகரி, திருத்தணி, அரக்கோணம், வேலூர் பக்கம் ஓட்டிப் பார்க்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார். வசனம் எழுத என்னைவிட்டால் அவருக்கு ஆள் இல்லை.

“எழுதறேன் சார். ஆனா எழுதினத யாரும் தொடக் கூடாது. டைட்டிலும் நான்தான் எழுதுவேன்.”

“டப்பிங்தானே, என்னவோ எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு, பிரின்ட் வேலைக்காக சென்னைக்கு பஸ் ஏறிவிட்டார்.

இப்போது மாமாவுக்கு வருகிறேன். என் தம்பி யோகேஷுக்குப் புத்தூரில் பெண் பார்த்திருந்தார். நல்ல இடம். ஆவணியில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு முன்னால் ஆடி அமாவாசையில் மல்லிகாவுக்குக் காரியம் செய்து முடித்துவிட வேண்டும் என்றார் மாமா. அம்மா கையைப் புடவையில் துடைத்தபடி நின்றாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உயிரோட இருக்கறவளுக்கா காரியம்?” என்று நான்தான் கேட்டேன்.

“உயிரோட இருக்கான்னு உனக்கு யாரு சொன்னா?”

“செத்துட்டான்னு உனக்கு யாரு சொன்னா மாமா?”

மாமா என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார். “தோ பாரு ரத்தினம்மா. குவைத்துக்குப் போன பொண்ணு போன் பண்லன்னா ஊரு இன்னா பேசும்? கெட்டுப்போயிட்டான்னு பேசும். செத்துப்போயிட்டான்னு சொன்னா, ஐயோ பாவம்னு பேசும். உனக்கு எது வோணும்? புத்தூர்காரங்ககிட்ட நான் பெரியவ போயிட்டான்னுதான் சொல்லிகீறேன். அது பொய்யும் இல்ல.”

ஊர் வாய்க்குப் பயந்து ஒரு பெண்ணைக் கொன்று, அதற்கு எள்ளும் தண்ணியும் வேறு. கத்தினேன். மாமா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

“சினிமா வசனம் பேசறா பாரு. மொதல்ல எந்த ர எங்க போடறதுன்னு கத்துக்கினு வா. அப்பறம் எனக்குப் புத்தி சொல்லலாம்.”

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். அதுதான் எனக்கு அதிக வலி. அம்மாவும் நம்ப ஆரம்பித்துவிட்டாளோ என்று பயந்தேன்.

திருப்பதியில் பக்திப் பாட்டு கேசட் பதிவுசெய்யும் ஸ்டுடியோ ஒன்றில்தான் டப்பிங். ரமணா என்பவர் சவுண்டு பார்த்தார். சாமி படங்களுக்கு நடுவில் திரையைக் கட்டி, படத்தைத் துண்டு துண்டாக ஓடவிடுவோம். டப்பிங் வசனத்துக்கு ஒரே சட்டம்தான். திரையில் உதடு ஒட்டினால் நம் எழுத்திலும் உதடு ஒட்ட வேண்டும். அவன் ப சொன்னால் நாமும் ப, ம சொன்னால் நாமும் ம. அவன் வாயைக் குவித்தால் நாமும் குவிக்க வேண்டும். உதடு சரியாக விழுந்துவிட்டால் அர்த்தத்தைப் பார்ப்பவர்கள் குறைவு.

ஹீரோ மண்டியிடும் துண்டு வந்தது. “போயிந்தி! கௌரி போயிந்தி!” நான் எழுதியிருந்தது: “போயிட்டா! கௌரி போயிட்டா!” புத்தூர் நாடகக்காரர் ஒருவர் ஹீரோவுக்குக் குரல் கொடுத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. ரமணா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

மாமா சொல்கிற அதே வார்த்தையை நானே எழுதி, ஒருவர் வாயில் வைத்து, மைக்கில் சொல்ல வைக்கிறேன். இந்தக் கையால் அது நடக்கக் கூடாது. திரும்ப ஓடவிடச் சொன்னேன். ஹீரோவின் உதட்டையே பார்த்தேன். ஒட்டுகிறது, குவிகிறது, விரிகிறது. ஒட்டுகிறது, குவிகிறது, விரிகிறது.

அடித்துவிட்டு எழுதினேன்: “பொழச்சா! கௌரி பொழச்சா!”

உதடு ஒட்டியது, குவிந்தது, விரிந்தது. போயிட்டாவைப் போலவே பொருந்தியது.

ரமணா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கைத் தட்டினார். “ஏம்மா, அவன் ஏடுஸ்துன்னாடே, அழறானே?”

“சந்தோஷத்துல அழறான்.”

“அவளுக்கு உசுரு இருக்குன்னு அவனுக்கு எப்படி தெரியும்?”

“அவ சொல்லுவா” என்றேன். “சுரா தண்ணிக்குள்ள போவுதே, அந்தத் துண்டைப் போடுங்க. அதுல யாரு உதடும் தெரியாது. நான் பேசறேன்.”

மைக் முன்னால் நின்று, சுராவின் வயிற்றுக்குள்ளிருந்து கௌரியாகப் பேசினேன். “யோவ், கத்தாத. நான் உள்ளதான் கீறேன். அறுத்துக்கினு இருக்கேன். வந்துடுவேன்.”

ரமணா சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மறுநாளே டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு என்னோடு நகரிக்கு வந்து, எங்கள் தெருவில் தறி ஓடும் சத்தத்தைப் பிடித்துப்போனார். அதை மெதுவாக ஓடவிட்டு, சுராவின் நெஞ்சுத் துடிப்பாக வைத்தோம். சபத சீனில் மாலையைப் பிய்க்கும் ஹீரோவுக்கு, “உசுரோட இருக்கறவளுக்கு எதுக்குய்யா மாலை?” என்று எழுதினேன். செகண்ட் ஆஃப் முழுக்க அவன் உள்ளே இருப்பவளோடு பேசிக்கொண்டேதான் போவான். எங்கே அறுக்கிறாய் என்பான், இடது பக்கம் என்பாள். வெடி வைக்கிற இடத்தில், “நான் வெளிய வந்துட்டேன், இப்ப வெடி!” என்பாள். கடைசிக்கு, பாட்டு சீனில் கௌரி ஏரியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வரும் ஒரு துண்டை வெட்டி, ரமணா ஒட்டிக் கொடுத்தார். விழுங்கும்போது அவள் பச்சைப் புடவை. பாட்டு சீனில் சிவப்பு. நேரமில்லை, விட்டுவிட்டோம்.

ஹரிபாபு சென்னையில் தமிழ் பிரின்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆபீசுக்குள் செருப்போடு ஓடிவந்தார்.

“செத்தவ எப்படி மாட்லாடுவா, பேசுவா? பைத்தியமா உனக்கு? அந்த வாய்ஸ தீசேய், எடுத்துடு!”

“எடுங்க சார். ஆனா எடுத்துட்டா உங்க ஹீரோ செகண்ட் ஆஃப் பூரா யார்கூட பேசறான்னு நீங்களே சொல்லுங்க. தனியா பேசிக்கினு திரியற லூசா ஆயிடுவான்.”

கௌரியின் குரலை உருவினால் படமே உதிர்ந்துவிடும்படி எழுதியிருந்தேன், வேண்டுமென்றே. எல்லாவற்றையும் மறுபடி பேச அவருக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை ரிலீஸ். அமாவாசை அதற்கடுத்த புதன்.

“ஒட்டு போட்டீங்களே சார். அத நான் காப்பாத்திக் குடுத்திருக்கேன்” என்றேன். அவர் மலைப் பக்கம் திரும்பாமல் போய் உட்கார்ந்தார்.

நகரியில் மேட்னி ஷோ. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அன்றைக்கு தறிகளுக்கு யாரும் சுவிட்சே போடவில்லை. மாமாவும் வந்தார், என் மானம் போவதைக் கண்ணால் பார்க்க. வாசலில் போஸ்டரைப் பார்த்ததும், “இன்னும் அதே ரதானா?” என்றார். “அதே ரதான் மாமா” என்றேன். அவர் அன்றைக்குச் சொன்னதற்காகவே மாற்றாமல் எழுதிக் கொடுத்திருந்தேன். அம்மாவை எனக்கும் அவருக்கும் நடுவில் உட்காரவைத்தேன்.

சுரா கௌரியை விழுங்கியது. தண்ணீர் சிவந்தது. தியேட்டரில் புடவைகள் சரசரத்தன, நாலைந்து பேர் எழுந்தார்கள். அந்த நேரத்தில் தண்ணீருக்கடியிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எங்கள் தெருச் சத்தம் எங்களுக்குத் தெரியாதா?

அதற்குள்ளிருந்து அவள் பேசினாள். “யோவ், கத்தாத. நான் உள்ளதான் கீறேன்.”

ஒரு விஷயம் நான் யோசிக்கவே இல்லை. என் குரலும் மல்லிகா குரலும் ஒன்று. எஸ்டிடி பூத்தில் அவள் பேசினால், யமுனாவா மல்லிகாவா என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள். இத்தனை நாளாக அம்மா காதில் விழாத குரல் ஸ்பீக்கரில் வந்து தியேட்டர் பூராவும் நிறைந்தது. “அறுத்துக்கினு இருக்கேன். வந்துடுவேன்.”

அம்மா என் தொடையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

விசில் பறந்தது. ஹீரோ அழுதுகொண்டே “பொழச்சா!” என்றதும் பெண்களெல்லாம் சேர்ந்து “பொழச்சா!” என்று கத்தினார்கள். மாலை பிய்த்த இடத்தில் யாரோ செருப்பைத் தூக்கித் திரையில் எறிந்தார்கள், மாலை போட்டவர்களுக்காக. கடைசியில் கௌரி ஏரியிலிருந்து எழுந்து வந்தபோது, பின்னாலிருந்து ஒருவன், “பச்சப் பொடவ எப்படிடா செவப்பாச்சு?” என்றான்.

“உள்ள மாத்திக்கினா, உனக்கு இன்னாடா?” என்று ஒரு பெண் குரல் அவனை அடக்கியது.

விளக்குப் போட்டார்கள். மாமா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். “புளுகுன்னாலும் ஒரு அளவு வாணாமா? சுராவோட வயித்துல யாராவது பொழப்பாங்களா?” என்றார். பெரிய ற தெரிந்த மாமா வாயிலும் வந்தது சின்ன ரதான். நான் சொல்லிக்காட்டவில்லை. அம்மா அவரைப் பார்த்த பார்வை போதுமாக இருந்தது.

ஆடி அமாவாசைக்கு நைனாவுக்கு மட்டும் படைத்தோம். மல்லிகாவின் பெயரைச் சொல்ல ஐயர் வாயெடுத்தார். மாமா அவரிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார் போல. அம்மா எள்ளுத் தட்டை இழுத்துத் தன் முந்தானையால் மூடிவிட்டாள். மாமா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். மல்லிகாவிடமிருந்து அன்றைக்கும் போன் வரவில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஆவணி பிறந்ததும் தட்டு மாற்றப் புத்தூருக்குப் போனோம். மாமா வழியெல்லாம் அம்மாவிடம், வாயைத் திறக்காதே, நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெண்ணின் அம்மா நல்ல மாதிரி. எல்லோருக்கும் பலகாரம் வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரிய பொண்ணு போயிட்டான்னு சொன்னாங்க. கேட்டதுலருந்து மனசே சரியில்ல, பாவம்.”

மாமா தொண்டையைக் கனைத்தார். அம்மா அதற்கு முந்திக்கொண்டாள்.

“போயிட்டா இல்லம்மா. போயிருக்கா. குவைத்துக்கு.”

யோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளறையில் கல்யாணப் பெண்ணின் வளையல் சத்தம் கேட்டது.

“அப்படியா!” என்றாள் அந்த அம்மாள், கையை விடாமல். “எப்ப வருவா?”

அம்மா அடுத்துச் சொன்னது நல்ல காரியத்தில் வாயில் வரக் கூடாத வார்த்தை, தாலி அறுப்பதை நினைவுபடுத்துவது. கேட்டதும் மாமா பதறி எழுந்தேவிட்டார். அம்மா தட்டிலிருந்த மைசூர்பாகை எடுத்து, நிதானமாக ஒரு கடி கடித்துக்கொண்டு சொன்னாள்:

“அறுத்துக்கினு வருவா.”